தலைமடையில் சேர்வராயன், கடைமடையில் தில்லை: பிச்சாவரம் கண்டற்காட்டின் உப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிரம்பும் ஆண்டுகளில் சேலத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பதினாறு கண் மதகு திறக்கப்பட்ட மறுநாளே, எத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற கணக்கைப் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். சேலத்தில் தாவரவியல் கற்பிக்கும் நானும் அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் தயக்கமின்றிச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ள வைத்த ஒரு காட்டைப் பற்றியது இந்த ஆய்வு.

கடல் மட்டம் உயர்வதாலும் உப்புநீர் உள்ளே ஏறுவதாலும் கரையோரக் காடுகள் மாறிவருவதை எழுதுபவர்கள் பெரும்பாலும் கடலில் நின்றுகொண்டு நிலத்தைப் பார்க்கிறார்கள். அது தவறான பார்வை அன்று. ஆனால் பாதிப் பார்வை. ஒரு கரையோரக் காட்டின் மண்ணில் எவ்வளவு உப்பு நிற்கும் என்பதைக் கடல் மட்டும் முடிவு செய்வதில்லை. மேலிருந்து வரும் நன்னீர், அந்த நீர் சுமந்துவரும் வண்டல், உள்ளே புகுந்த நீர் வடிந்து வெளியேறுவதற்கான வழி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. இம்மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிற காடு கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம். அது கண்டற்காடு, அதாவது அலையேறும் உப்புச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு. மலையடிவாரத்து ஊர்க்காரனாகிய நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு.

இரு பக்கமும் நம் தண்ணீர்

பிச்சாவரத்தின் வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் சேர்கின்றன. இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையே, வாய்க்கால்களால் பிரிந்த சிறு சிறு திட்டுகளாகச் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இந்தக் காடு கிடக்கிறது. வெள்ளாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்தால், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி மேலே போகப் போக, அது வசிஷ்ட நதி, சுவேத நதி என்ற இரண்டு ஆறுகள் கூடி உண்டானது என்பது தெரியும். வசிஷ்ட நதி ஆத்தூரைத் தொட்டுத் தலைவாசல் வழியாக ஓடுவது. ஆனைமடுவு, கரியகோயில் அணைகளின் நீர் அதில்தான் சேர்கிறது. சுவேத நதி தம்மம்பட்டி, கெங்கவல்லிப் பக்கத்தது. இரண்டும் சேலம் மாவட்டத்து ஆறுகள்.

தெற்குப் பக்கம் போனாலும் வந்து சேரும் இடம் இதுவேதான். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடத்துக்கு மேட்டூரே தலை. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்காவும், சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும் காவிரியில் கலந்து அந்த வழியில்தான் போகின்றன. மலையின் வடசரிவில் விழும் மழை வாணியாறாகித் தென்பெண்ணைக்குப் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்றபடி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் விழும் மழை, மனிதர் தடுக்காமல் விட்டால், பிச்சாவரத்தின் ஓரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய மழை.

பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று சொல்வோம். கடைமடை என்றால் நம் மனத்தில் வருவது வாய்க்காலின் கடைசி வயல். அந்த வயலுக்கும் அப்பால் ஒரு காடு தண்ணீருக்குக் காத்திருக்கிறது என்பது இந்த ஆய்வைத் தொடங்கும்வரை எனக்கும் உறைக்கவில்லை.

ஏற்காட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பைகள்

பிச்சாவரம் போவதற்கு முன், உப்பு ஒரு செடியை என்ன செய்கிறது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று விரும்பினேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர், நர்சரிப் பைகளில் வளர்ந்த 12 காப்பி நாற்றுகளைக் கொண்டுவந்து தம் வீட்டுத் திண்ணையில் வரிசையாக வைத்தார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவுக்குச் சமையல் உப்பைக் கரைத்து நான்கு பைகளுக்கும், அதில் கால் பங்கு உப்புள்ள நீரை நான்கு பைகளுக்கும், வெறும் குழாய்த் தண்ணீரை மீதி நான்குக்கும் ஊற்றிவந்தோம். சமையல் உப்பும் கடல்நீரும் ஒன்றல்ல. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட் எல்லாம் உண்டு. ஆனாலும் பாடத்துக்கு இது போதுமானதாக இருந்தது.

முழு உப்பு ஊற்றிய செடிகள் மறுநாள் பிற்பகலிலேயே தொங்கிவிட்டன. பையை அழுத்தினால் நீர் கசிகிற அளவுக்கு மண் ஈரமாக இருந்தது. "மண்ணு ஈரமாத்தானே சார் இருக்கு, அப்புறம் ஏன் வாடுது?" என்று அந்த மாணவி கேட்டார். கரையோரக் காடுகளைப் பற்றிய பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வேருக்குள் இருக்கும் சாற்றைவிட வெளியே இருக்கும் நீரில் உப்பு மிகுந்தால், நீர் உள்ளே போவதற்குப் பதில் வெளியே நிற்கும், சில வேளை வெளியேறவும் செய்யும். கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்து இழுக்க ஒரு மரம் ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உறிஞ்சும் விசையைத் தன் தண்டில் தாங்க வேண்டும். காப்பிச் செடிக்கு அந்த வலிமை கிடையாது. ஈரத்தில் நின்றுகொண்டே அது வறட்சியில் சாகிறது.

கால் பங்கு உப்பு ஊற்றிய நான்கு செடிகளே எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. அவை உடனே வாடவில்லை. சில நாள்கள் கழித்து, கீழிருக்கும் முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பேறியது. பழுப்பு நரம்பை நோக்கி உள்ளே நகர்ந்தது. நுனியில் புது இலை வருவது நின்றது. இது நீர்ப்பற்றாக்குறை அன்று, நஞ்சு. சோடியமும் குளோரைடும் இலைக்குள் சேர்ந்து சேர்ந்து திசுவைக் கருக்கும் நிலை. அந்தக் கட்டத்தில் உப்பை நிறுத்திவிட்டு நான்குக்கும் நல்ல தண்ணீர் ஊற்றத் தொடங்கினோம். சில வாரங்களில் இரண்டு செடிகள் நுனியில் புது இலை விட்டன. மற்ற இரண்டும் தேறவில்லை.

காரணத்தைத் தேடியபோதுதான் தெரிந்தது: திண்ணை நனைந்து வழுக்கக் கூடாது என்பதற்காக ஒரு மாணவர் அந்த இரண்டு பைகளின் அடித்துளைகளை டேப் ஒட்டி அடைத்திருந்தார். ஊற்றிய நல்ல தண்ணீர் வடியவில்லை. உப்பைக் கரைத்ததே தவிர வெளியே கொண்டுபோகவில்லை. வெயிலில் நீர் ஆவியாகப் பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தது. சுரண்டினால் நகத்தில் ஒட்டியது. நாங்கள் திட்டமிடாத சோதனை அது. ஒரே அளவு உப்பு, ஒரே அளவு நன்னீர். வடிய வழி இருந்த பை பிழைத்தது, இல்லாத பை பிழைக்கவில்லை. டேப் ஒட்டிய மாணவர் மிகவும் வருந்தினார். பிச்சாவரத்தில் நான் காட்ட வேண்டியிருந்ததில் பெரும்பகுதியை அவரே அறியாமல் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன்.

தில்லை, சுரபுன்னை, வெண்கண்டல்

பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் துடுப்புப் படகு ஏறிக் குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்தால், இரு கரையிலும் காலூன்றி நிற்பவை சுரபுன்னை மரங்கள். தண்டிலிருந்து வளைந்து சேற்றில் இறங்கும் அவற்றின் ஊன்றுவேர்களே எல்லாப் புகைப்படங்களிலும் வருபவை. சுரபுன்னை தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்ட நாற்றாகி, அதன் பின்னரே கீழே விழுகிறது. உப்புச் சேற்றில் விதை முளைப்பது கடினம் என்பதால் மரமே பிள்ளையைக் கொஞ்சம் வளர்த்து அனுப்புகிறது.

வாய்க்கால் ஓரத்தை விட்டு உள்ளே போனால் வெண்கண்டல். அதன் உத்தி வேறு. உப்பை உள்ளே விட்டு, இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. படகோட்டி ஓர் இலையைப் பறித்து மாணவியிடம் கொடுத்தார். காலை வெயில் ஏறியிருந்ததால் இலையின் மேல் உப்புத் துகள்கள் பொடிச் சர்க்கரை போல மின்னின. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரிக்குது சார்" என்றார் அவர். திண்ணையில் தம் காப்பிச் செடி செய்ய முடியாமல் தோற்ற வேலையை இந்த இலை செய்துகொண்டிருப்பதை அந்தக் கணத்தில் அவர் புரிந்துகொண்டார் என்றே நம்புகிறேன். இலையைக் குறிப்பேட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

மூன்றாவது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம், கோயிலின் தலமரம். ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதால் படகோட்டிகள் அதைத் தொட விடுவதில்லை. ஊரின் பெயராகவும் இறைவன் ஆடும் வனமாகவும் நின்ற மரம் இன்று ஊருக்குள் காடாக இல்லை. பார்க்க வேண்டுமானால் இங்குதான் வர வேண்டும். இங்கும் அது காட்டின் நிலப்பக்க ஓரங்களில், உப்பு சற்றுக் குறைந்த இடங்களில்தான் நிற்கிறது.

இந்த ஆய்வின் மையம் இங்கே இருக்கிறது. எல்லாக் கண்டல் மரமும் உப்பைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தாங்குவது வேறு, விரும்புவது வேறு. பெரும்பாலான கண்டல் இனங்கள் கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த நீரில்தான் செழிக்கின்றன. முழுக் கடல்நீரில் வளர்ச்சி குன்றுகின்றன. அதற்கும் மேல் உப்பு ஏறினால் வெண்கண்டல் போன்ற சிலவே நிற்கின்றன, அவையும் குட்டையாக. நன்னீர் குறையக் குறைய ஒவ்வோர் இனமாகக் கழன்றுகொண்டு, கடைசியில் வெண்கண்டல் மிஞ்சும். சைலோகார்ப்பஸ், காண்டீலியா போல, பிச்சாவரத்தில் முன்பு இருந்ததாகத் தாவரவியலாளர்கள் குறித்துவைத்த சில இனங்கள் இப்போது அங்கே இல்லை. காவிரியின் தென்கோடியில், தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடாகிய முத்துப்பேட்டையில், காடு பெரும்பாலும் வெண்கண்டலாகவே இருக்கிறது. ஒரு சுற்றுலாப் பயணி அங்கே போனால் பச்சையாக, அடர்த்தியாக, அழகாக ஒரு காட்டைப் பார்ப்பார். அது குறைந்துபோன காடு என்பது பார்த்தவுடன் தெரியாது.

கூப்பு வெட்டியதும் நீர் தேங்கியதும்

பிச்சாவரத்தின் சீரழிவுக்குக் கடல் மட்டத்தை மட்டும் குற்றஞ்சாட்டினால் வரலாறு பொய்த்துவிடும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காடு விறகுக்காகவும் மரத்துக்காகவும் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கென வரையறுத்த துண்டு துண்டாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடிக்கப்பட்டது. மலைக்காட்டில் கூப்பு வெட்டினால் அடிமரம் துளிர்க்கும், அல்லது பக்கத்து விதை விழுந்து முளைக்கும். சேர்வராயனிலும் கல்வராயனிலும் அந்த முறையைப் பழகியவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும். சேற்றுக்காட்டில் நடந்தது வேறு. நிழல் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் இறங்கியது. சேறு காய்ந்து சுருங்கி அமிழ்ந்தது. வெட்டிய பகுதியின் நடு, தட்டுப் போலக் குழிந்தது. அலை ஏறும்போது குழிக்குள் புகுந்த கடல்நீர், அலை இறங்கும்போது வெளியே வர முடியாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக, மண்ணின் உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சியது. அங்கே விழுந்த நாற்றுகள் பிழைக்கவில்லை. உப்பு நிலத்தில் வளரும் உமரிச்செடி மட்டும் படர்ந்தது. துளை அடைத்த நர்சரிப் பை என்று மாணவர்களிடம் சொன்னேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் காரணத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டி, 1990களில் அதற்குத் தீர்வும் செய்து பார்த்தவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் அப்பகுதி மக்களும். குழிந்த பகுதிகளுக்குள் ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். அலைநீர் தினமும் உள்ளே வந்து தினமும் வெளியேறியது, உப்பு கழுவப்பட்டது, பிறகே நாற்று நட்டார்கள். மொட்டையாகக் கிடந்த பல இடங்கள் மீண்டும் காடாயின. நீர் போய்வர வழி செய்யாமல் நாற்று மட்டும் நடுவது பயன் தராது என்ற பாடம், ஒன்றிய அரசு 2023இல் அறிவித்த மிஷ்டி போன்ற கண்டல் நடும் திட்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியது. எத்தனை லட்சம் நாற்று நட்டோம் என்பதைவிட எத்தனை வாய்க்கால் ஓடுகிறது என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் கருத்து. பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமைக்கு இந்த வாய்க்கால்களும் ஒரு காரணம்.

உயரும் கடல்

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006–2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. மில்லிமீட்டர் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பிச்சாவரத்தில் அலை ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு; கண்டல் மரம் வாழ்வது அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே உள்ள குறுகிய பட்டையில் மட்டும். பட்டை குறுகியது என்பதால் சிறு உயர்வும் பெரிது.

கண்டற்காடு இதற்குக் கையாலாகாமல் நிற்பதில்லை என்பதே அதன் சிறப்பு. வேர்கள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. உதிர்ந்த வேரும் இலையும் சேறாகிச் சேர்கின்றன. கடல் உயர உயரக் காடு தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்கிறது. இதற்கும் எல்லை உண்டு. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளின் வண்டல் பதிவுகளை உலகெங்கும் ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயரத் தொடங்கினால் கண்டற்காடுகள் ஈடுகொடுத்துத் தரையை உயர்த்துவது அரிது என்று காட்டியது. வண்டல் வரத்து குறைந்த கரையில் அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. உயர முடியாத காடு பின்வாங்க வேண்டும்; பின்னால் வயலும் இறால் குட்டையும் கரையும் சாலையும் இருந்தால் பின்வாங்கவும் இடமில்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. வட கரோலினாவின் அலிகேட்டர் ஆற்று வனவிலங்குக் காப்பகத்தில் இருப்பவை கண்டல் மரங்கள் அல்ல. நன்னீர்ச் சதுப்பில் வளரும் சைப்ரஸ், பைன், வெள்ளை சீடர் போன்றவை. 1985க்கும் 2019க்கும் இடையில் அக்காப்பகத்தின் நிலத்தில் 11 விழுக்காடு, பட்டுப்போன மரங்கள் மட்டும் வெளுத்து நிற்கும் நிலமாக மாறியதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அங்கே அவற்றைப் பேய்க்காடு என்றே அழைக்கிறார்கள். பல ஆண்டு வறட்சியில் நன்னீர் வற்றியிருந்த நிலத்துக்குள், 2011இல் ஐரீன் புயல் கடல்நீரைத் தள்ளியது. பேரளவு மரச்சாவு அதைத் தொடர்ந்து வந்தது. விவசாயத்துக்காகவும் மரம் வெட்டவும் முன்பு தோண்டிய வடிகால்களே உப்புநீரை உள்நாட்டுக்குள் கொண்டுசெல்லும் வழியாயின. பிச்சாவரத்தில் வாய்க்கால் காட்டைக் காத்தது, வட கரோலினாவில் வாய்க்கால் காட்டைக் கொன்றது என்பதை மாணவர்கள் முரணாகக் கண்டார்கள். முரண் இல்லை. வாய்க்கால் எந்த நீரை எங்கே கொண்டுபோகிறது என்பதே கேள்வி.

அங்கே இன்னொரு கவனிப்பும் முக்கியமானது. பெரிய மரம் வருடக்கணக்கில் உப்பைச் சமாளித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதன் அடியில் கன்று முளைக்காது. மேலே பார்த்தால் காடு, கீழே பார்த்தால் அடுத்த தலைமுறை இல்லை. ஒரு புயலோ வறட்சியோ வந்து பெரிய மரத்தைச் சாய்க்கும்போது காடு திடீரென்று போனதாகத் தோன்றும். 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரையிலும் முத்துப்பேட்டையிலும் மரங்களைச் சாய்த்த காட்சி நமக்கு நினைவிருக்கிறது. விழுந்த மரங்களை எண்ணுவதைப் போலவே, அடியில் கன்றுகள் இருந்தனவா என்று தேடுவதும் அவசியம்.

வங்கத்துச் சுந்தரவனம் நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. அந்தக் காட்டுக்குப் பெயர் தந்த சுந்தரி மரம், நம் தில்லையைப் போலவே, உப்பு குறைந்த நீரை நாடுவது. அதன் உச்சிக்கிளைகள் கருகி, நோய் கீழே இறங்கி மரம் சாகும் நிலை பல பத்தாண்டுகளாக அங்கே பதிவாகிவருகிறது. 1975இல் கங்கையின் குறுக்கே பராக்கா அணைக்கட்டு இயங்கத் தொடங்கியபின் பத்மா வழியாக வங்கதேசப் பகுதிக்குக் கோடையில் வரும் நன்னீர் குறைந்ததும், அதனால் ஏறிய உப்பும் அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. காட்டின் பெயரும் மரத்தின் பெயரும் ஒன்றாக இருந்து, மரம் மட்டும் மறையத் தொடங்குவது சிதம்பரத்துக்காரர்களுக்குப் புதிய செய்தியாக இருக்காது.

மேலிருந்து வராதது

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாவின் குறுவையும் சம்பாவும் அதனால்தான் நடக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீரைத் தேக்கும் அணை வண்டலையும் தேக்கும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் படிந்த வண்டலை விவசாயிகள் அள்ளிக்கொள்ள 2017இல் அனுமதி அளிக்கப்பட்டபோது, டிராக்டர்களில் அந்தக் கருமண் எங்கள் ஊர்ப்பக்கம் போவதைப் பார்த்தேன். அப்போது எனக்கு மகிழ்ச்சி மட்டுமே இருந்தது. அதே மண்தான் கடைமடைக் காடு தன் தரையை உயர்த்திக்கொள்ள வேண்டிய மண் என்பது பின்னரே தோன்றியது. வயலுக்குப் போனது தவறில்லை. அது வேறெங்கோ போக வேண்டியிருந்த பொருள் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன்.

வசிஷ்ட நதியின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. ஆத்தூர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி ஓடுவது ஆறு அன்று. சாக்கடையும் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஆலைகளின் கழிவும் கலந்த ஒரு கோடு. மணல் போன ஆற்றில் மழைநீர் ஊறாமல் ஓடிவிடுகிறது. மழை நின்றதும் ஓட்டமும் நின்றுவிடுகிறது. கரையோரக் கிணறுகள் ஆழ்துளைக் கிணறுகளாகி, ஆற்றுக்குக் கசிய வேண்டிய நிலத்தடி நீரும் மேலே இழுக்கப்படுகிறது. கண்டற்காட்டுக்கு வேண்டியது நவம்பரில் வரும் ஒரு வெள்ளம் மட்டும் இல்லை; பிப்ரவரி, மார்ச் வரை மெல்லக் கசிந்துவரும் நீரும் வேண்டும். மலையின் சோலையும், காப்பித் தோட்டத்து நிழல் மரமும், ஆற்று மணலும் சேர்ந்து கொடுத்த கசிவு அது. வெள்ளத்தை நாம் பார்க்கிறோம், கசிவை யாரும் பார்ப்பதில்லை, குறைந்திருப்பது கசிவு.

கடலோர நிலத்தடியில் நடப்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. அதனால் நிலத்தடியில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி. திருப்பிச் சொன்னால்தான் அதன் கடுமை தெரியும்: இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், உப்பு கீழிருந்து நாற்பது மீட்டர் ஏறலாம். கடல் ஒரு சென்டிமீட்டர்கூட உயராமலேயே இது நடக்கும். உயரும் கடலும் இறங்கும் நன்னீரும் ஒன்றாக நடப்பதுதான் இன்றைய நிலை.

படகிலிருந்து இறங்கும்போது, ஆற்றுத் தண்ணீர் பற்றிப் படகோட்டியிடம் கேட்டேன். "மேலேருந்து வெள்ளத் தண்ணி எறங்குற வருசந்தான் எறால் நல்லா சேரும் சார். தண்ணி வரலன்னா எங்களுக்கும் இல்ல, மரத்துக்கும் இல்ல" என்றார். இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் கலப்பு நீரில் வளர்பவை என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் வலையில் படித்திருக்கிறார். நாங்கள் சேலத்திலிருந்து வருகிறோம் என்று மாணவி சொன்னதும், "அப்ப தண்ணி ஒங்க ஊர்லேருந்துதாம்மா வரணும்" என்று இயல்பாகச் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்து வைத்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

கடலில் கலக்கும் நீரையெல்லாம் வீண் என்று சொல்வதை நான் நிறுத்தியது அன்றுதான். தேக்கவே கூடாது என்றோ, பயிருக்கு வேண்டாம் என்றோ யாரும் கேட்கவில்லை. ஓர் ஆற்றின் நீரைப் பங்கிடும்போது பாசனம், குடிநீர், ஆலை என்று எழுதும் பட்டியலில் கடைமடைக் காட்டுக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்பதே கேட்பது. சிறிய பங்குதான், ஆனால் தவறாத பங்கு.

ஆய்வு இத்துடன் முடியவில்லை. ஆத்தூர்ப் பாலம், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, கிள்ளை வாய்க்கால் ஆகிய மூன்று இடங்களில், உப்பு உச்சத்தில் இருக்கும் மே மாதத்திலும் மழைக்குப் பிந்தைய டிசம்பரிலும் நீரின் உப்பை அளப்பதென்று மாணவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கிள்ளையில் ஒவ்வொரு முறையும் ஒரே பத்தடிச் சதுரத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, அதற்குள் தில்லை, சுரபுன்னை, வெண்கண்டல் ஆகியவற்றின் பெரிய மரங்களை அல்ல, முழங்கால் உயரத்துக்குக் கீழுள்ள கன்றுகளை மட்டும் எண்ணுவார்கள். பிழைத்த இரண்டு காப்பி நாற்றுகளும் சென்ற ஜூன் மழையில் ஏற்காட்டு மண்ணில் நடப்பட்டுவிட்டன.